வீட்டுலதானே இருந்தான்

“தம்பி, அவன் வண்டி கேக்குறான்டா. வாங்கிக் குடுக்கவா வேணாமா, நீயே சொல்லு.”

போன மாதம் அக்கா ஃபோனில் கேட்டாள். மூன்று வருடத்துக்கு முன்பும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். அப்போது நான் யோசிக்கவே இல்லை. “வேணவே வேணாம்க்கா, இந்தக் காலத்துப் பசங்க கையில வண்டியா?” என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். தாய்மாமன் கடமையைச் செய்து முடித்த திருப்தி வேறு. இந்த முறை வாய் வரவில்லை. “ரெண்டு நாள் டைம் குடுக்கா” என்றேன். அந்த ரெண்டு நாள்தான் நேற்று வரை ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா மகனுக்கு இப்போது 21 வயது. நடுவில் என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன், என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ சின்ன வயதில் சாமி படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டு இருந்தவன் மாதிரி ஆகிவிடும்.

1996. மதுரை. எனக்கும் 21 தான். நாங்கள் ஐந்து பேர், மூன்று வண்டி. அதில் ஒன்று யமஹா ஆர்எக்ஸ் 100. அந்த வண்டியைப் பற்றி என் வயதுக்காரர்களிடம் பேச்சைக் கொடுத்தால் இன்றும் கண் கலங்குவார்கள். 98 சிசி, 11 குதிரைத்திறன், அவ்வளவுதான். இன்று கல்லூரிப் பையன்கள் ஓட்டுகிற டியூக் 200, 2012இல் வந்தபோதே 25 குதிரைத்திறன். கணக்குப் பார்த்தால் எங்கள் வண்டி கிட்டத்தட்ட பொம்மை. ஆனால் அந்த டூ ஸ்ட்ரோக் சத்தம் இருக்கிறதே, தெருமுனையில் திரும்பும்போதே யார் வருகிறான் என்று மூன்றாவது வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் ஓட்டினோம்.

அந்த வண்டிக்காரனை மாப்ளை என்றே எழுதுகிறேன். மதுரையில் எல்லோருக்கும் எல்லோரும் மாப்ளைதான், அதனால் யாருக்கும் அவனை அடையாளம் தெரியாது. மாப்ளையின் அப்பாவுக்குப் பூ வியாபாரம். விடியற்காலையில் பக்கத்து ஊர்த் தோட்டங்களில் எடுத்த மல்லிகை மொட்டை ஈரச்சாக்கில் சுற்றி, அந்த ஆர்எக்ஸில் கட்டிக்கொண்டு மாப்ளைதான் மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவான். ஒருநாள் அவனோடு பின்னால் உட்கார்ந்து வந்தேன். நாற்பதுக்கு மேல் போகவே இல்லை. மேடு பள்ளம் வந்தால் மாட்டுவண்டி மாதிரி இறக்கி ஏற்றினான். “என்னடா, கல்யாணப் பொண்ணை ஏத்திட்டுப் போற மாதிரி ஓட்டுற?” என்றேன். “காத்து அடிச்சா மொட்டு வாடிரும்டா, அப்பா கொன்னுருவாரு” என்றான். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

ராத்திரியில் அதே மாப்ளை வேறு ஆள். அழகர்கோயில் ரோட்டில் கடச்சனேந்தல் தாண்டினால் அப்போதெல்லாம் இருட்டுதான். பரோட்டா தின்றுவிட்டு கள்ளந்திரி வாய்க்கால் வரைக்கும் ரேஸ் விடுவோம். அது அலுத்த பிறகு யாரோ ஒருவன் (நானாகவும் இருக்கலாம், எங்கள் ஐந்து பேருக்கும் இதில் ஞாபகமறதி) ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தான். நிலா வெளிச்சத்தில் ஹெட்லைட்டை அணைத்துவிட்டுப் பத்து வரைக்கும் சத்தமாக எண்ண வேண்டும். வேகத்தைக் குறைக்கக் கூடாது. எட்டில் லைட்டைப் போட்டால் அவன் அடுத்த நாள் பரோட்டாவுக்குக் காசு கொடுக்க வேண்டும்.

2017 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது. இன்ஜின் ஓடினால் விளக்கும் எரியும், அதுதான் சட்டம். யாரோ எங்களை மாதிரி ஆட்களைப் பார்த்துவிட்டுத்தான் அதைக் கொண்டுவந்தார்கள் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொள்வதுண்டு.

அந்தப் பத்து எண்ணிக்கை எப்படி இருந்தது என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பெரியவர்கள் இளைஞர்களிடம் பேசும்போது இந்த ஒரு இடத்தில் பொய் சொல்லிவிடுகிறோம். ஆபத்தானது, முட்டாள்தனமானது என்று சொல்லலாம், எல்லாம் சரி. அதில் சந்தோஷம் இல்லை என்று மட்டும் சொல்லக் கூடாது. இருந்தது. ஐந்தாவது எண்ணில் சாலை கண்ணுக்குப் பழகிவிடும். இரண்டு பக்கமும் புளியமரம் ஒரு கறுப்புச் சுவர் மாதிரி ஓடும். ஏழில் வயிறு காலியாகிவிடும். பத்து என்று ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கத்தி லைட்டைப் போடும்போது வருகிற சிரிப்பு இருக்கிறதே, அதைப் பிறகு கல்யாணத்திலும் நான் சிரித்ததில்லை. (என் மனைவி இதைப் படிப்பாள். பரவாயில்லை.)

ஒரு வைகாசி ராத்திரி மாப்ளை ஏழு எண்ணும்போது முன்னால் வைக்கோல் வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதில் ராந்தல் இல்லை. ராந்தல் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்க எங்களுக்கு என்ன யோக்கியதை? வண்டிமாடு, வண்டிக்காரர், யமஹா, யார் மேலும் குற்றமில்லை. குற்றம் அந்த எண்ணிக்கைமேல்தான்.

108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்ததே 2008இல். முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே பார்த்துக்கொள்கிற ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில்தான். 1996இல் எங்களுக்குக் கிடைத்தது மதுரைக்கு வெண்டைக்காய் ஏற்றிக்கொண்டு போன ஒரு லாரி. மூட்டைகளுக்கு மேல் அவனைப் படுக்கவைத்து வலது காலை நான் பிடித்துக்கொண்டேன். முட்டிக்குக் கீழே அது என் கையில் ஒரு பக்கமாகவும் அவன் உடம்பில் இன்னொரு பக்கமாகவும் திரும்பியிருந்தது. வழி முழுக்க அவன், “அப்பாட்ட வண்டி ஸ்லிப்பாயிடுச்சுன்னு சொல்லுங்கடா” என்பதையே சொல்லிக்கொண்டு வந்தான். நாங்களும் அப்படியே சொன்னோம். அவன் அப்பா சாகும்வரை அதையே நம்பினார், அல்லது நம்புவதாகக் காட்டிக்கொண்டார்.

நாலு மாதம் படுக்கை. உள்ளே கம்பி. கால் ஒன்றரை அங்குலம் குட்டை. ராணுவத்துக்கு ஆளெடுக்கும் முகாமுக்குப் போகத் தினமும் காலையில் ஓடிக்கொண்டிருந்தவன். அதைப் பற்றி அவன் பிறகு பேசவே இல்லை. இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது: அந்த ராத்திரிக்குப் பிறகு நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து பரோட்டா தின்றதே இல்லை. யாரும் சண்டை போடவில்லை. ஆளாளுக்கு ஒரு வேலை வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டோம். வேலை கிடைக்காதவனும் அதையே சொன்னான்.

சரி, இப்போது அக்கா வீட்டுக்கு வருவோம்.

பையன் பன்னிரண்டாவது முடித்து இன்ஜினியரிங் சேர்ந்தபோது முதல்முறையாக வண்டி கேட்டான். 2022. அந்த வருடம் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். 17,884 பேர் இறந்தார்கள். நாடு முழுக்க அந்த வருடம் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர், ஒரு சின்ன நகரம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்கு இது. போதாததற்குப் பையன் தினமும் ரீல்ஸில் பார்த்துக்கொண்டிருந்தது முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுகிற வீலிங். அடுத்த வருடம் செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்த ஒரு யூடியூப் பிரபலத்தின் ஓட்டுநர் உரிமத்தைப் பத்து வருடத்துக்குப் பறித்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அக்கா எனக்கு ஃபோன் பண்ணி, “நல்ல வேளைடா தம்பி, நீ சொன்னதைக் கேட்டோம்” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பையன் கல்லூரிப் பேருந்தில் போனான், கல்லூரிப் பேருந்தில் வந்தான். வந்தால் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். குடி இல்லை, சிகரெட் இல்லை, கூல் லிப் புகையிலை இல்லை, ஊர் சுற்றல் இல்லை. “தங்கமான புள்ள” என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்வார். ஃபோன் மட்டும்தான். வயதுப் பையன், ஃபோன் பார்க்காமல் என்ன செய்வான் என்று நாங்களே சமாதானமும் சொல்லிக்கொண்டோம்.

ஒருநாள் கல்லூரியிலிருந்து அத்தானுக்கு ஃபோன். இரண்டு செமஸ்டராகக் கட்டணம் கட்டவில்லை, தேர்வெழுத அனுமதி இல்லை. அத்தான் பையன் கணக்கில் போட்டிருந்த பணம் மொத்தமும் ஆன்லைன் ரம்மியில் போயிருந்தது. அது போதாமல் லோன் ஆப்பில் வாங்கியது வேறு. 1,38,000 ரூபாய். அந்த லோன் ஆப்காரர்கள் அவன் ஃபோனில் இருந்த எண்களுக்கெல்லாம் அவன் படத்தைப் போட்டு ‘திருடன்’ என்று அனுப்பியபோதுதான் எனக்கே தெரிந்தது. எனக்கும் வந்தது அந்தப் படம். போன வருடக் கோயில் கொடையில் நான்தான் எடுத்துக்கொடுத்தேன். வேட்டி கட்டிச் சிரித்துக்கொண்டு நிற்பான்.

அக்கா அன்று அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். “வீட்டுலதானே இருந்தான்… வீட்டுலதானே இருந்தான்.”

ஆன்லைன் ரம்மிச் சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பம் மாட்டிக்கொண்டது அதன் ஓட்டைக்குள்தான். 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டுத் தடை செய்தது. 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. கடனில் மூழ்கி உயிரை விட்டவர்கள் செய்தி வந்துகொண்டே இருக்க, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, 2022 அக்டோபரில் மறுபடி சட்டம் நிறைவேற்றினார்கள். ஆளுநர் திருப்பி அனுப்ப, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அவற்றுக்குத் தடை செல்லாது என்று உயர்நீதிமன்றம் சொன்னது. என் மருமகன் முதல் ஆட்டம் ஆடியது அதற்கடுத்த பொங்கல் லீவில். 2025 பிப்ரவரியில் ராத்திரி பன்னிரண்டிலிருந்து காலை ஐந்து வரை ஆடக் கூடாது என்று மாநில அரசு விதி கொண்டுவந்தது. அந்த விதி சரிதான் என்று ஜூனில் உயர்நீதிமன்றமும் சொன்னது. ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அத்தனையையும் தடை செய்து சட்டம் இயற்றிவிட்டது. எல்லாம் நல்லது. எங்களுக்கு மட்டும் ஒன்றரை வருடம் தாமதம்.

அவன் ஆடிய நேரம் பெரும்பாலும் ராத்திரி ஒன்று, இரண்டு, மூன்று. நான் அவனிடம் உட்கார்ந்து பேசியது ஒரே ஒருமுறை, மொட்டைமாடியில். திட்டக் கூடாது என்று முடிவு பண்ணித்தான் போனேன். “ஜெயிச்சிருக்கியாடா எப்பவாவது?” என்று கேட்டேன்.

“ஆமா மாமா. ஒருவாட்டி பதினோராயிரம்.”

“என்ன பண்ணுன?”

“ஒண்ணும் பண்ணல. ராத்திரி ரெண்டரை மணி. யார்கிட்ட சொல்றது?”

கொஞ்ச நேரம் கழித்து அவனே, “ஃபேனைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன் மாமா. அப்புறம் திரும்ப ஆடுனேன்” என்றான்.

எனக்கு அந்த இடத்தில்தான் என்னவோ செய்தது. பதினோராயிரம் ஜெயித்த ஒரு இருபது வயதுப் பையன், சிரிக்க ஆளில்லாமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். பத்து எண்ணி லைட்டைப் போட்டால் எனக்குச் சிரிக்க நாலு பேர் இருந்தார்கள்.

இத்தனைக்கும் ரம்மி நமக்குப் புதுசா என்ன? கல்யாண மண்டபத்தில் முதல்நாள் ராத்திரி ஜமுக்காளத்தை விரித்தால் விடியும்வரை ஆட்டம் ஓடும். பாயின்டுக்கு நாலணா என்று ஆடி என் பெரியப்பா மொத்தமாக விட்டது ஒரு அறுபது ரூபாய் இருக்கும். சீட்டு சரியில்லையென்றால் ஸ்கூட் விட்டு அந்த ஆட்டத்திலிருந்து ஒதுங்கிவிடுவார். எதிராளி டிக் அடித்து ஜெயித்தால் அவன் பரம்பரையையே இழுத்து ஒரு கெட்டவார்த்தை, பிறகு எல்லோருக்கும் காபி சொல்வார். அதில் பணம் போனது, மானம் போனது, தூக்கம் போனது. ஆனால் மறுநாள் தாலி கட்டும்போது அதே கூட்டம் கொட்டாவி விட்டுக்கொண்டே அட்சதை போடும். நாலு மணிக்கு யாராவது ஒரு பெரியம்மா வந்து, “எந்திரிங்கடா, பந்திக்கு எலை போடணும்” என்று ஜமுக்காளத்தை உருவுவார். ஃபோனுக்குள் அந்தப் பெரியம்மா கிடையாது.

ஃபோன் ஆட்டத்தில் இன்னொரு சூது உண்டு. ஒரே ஒரு சீட்டு குறைவு, வந்திருந்தால் நான்தான் ஜெயித்திருப்பேன் என்கிற தோல்வி. 2009இல் லூக் கிளார்க் என்ற கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் சூதாட்ட இயந்திரம் மாதிரி ஒன்றை ஆடவைத்து மூளையைப் படமெடுத்தார்கள். நூலிழையில் தோற்கும்போது, ஜெயித்தால் வேலை செய்கிற அதே பகுதிகள் வேலை செய்தன. அந்தத் தோல்வி ஆடுகிறவர்களுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் இன்னும் ஆடத் தோன்றியது. மருமகன் சொன்னதும் இதேதான்: “சந்தோஷமாலாம் இல்ல மாமா. ஆனா வைக்க முடியல.”

மாப்ளை இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். கோர்ட் பக்கம், நல்ல வியாபாரம். காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பான், நாளெல்லாம் யாரையாவது கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பான். எங்கள் ஐந்து பேரில் இன்றைக்கு அதிகம் சிரிக்கிறவன் அவன்தான். இது எனக்குப் புதிராகவே இருந்தது. 1978இல் பிரிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட்டாளிகளும் லாட்டரியில் பெரும்பணம் விழுந்த 22 பேரையும், விபத்தில் உடம்பு செயலிழந்த 29 பேரையும் கண்டு பேசிய ஆய்வு ஒன்று உண்டு. லாட்டரிக்காரர்கள் மற்றவர்களைவிட அப்படியொன்றும் சந்தோஷமாக இல்லை. காலைச் சாப்பாடு, நண்பனோடு பேச்சு, ஒரு நகைச்சுவை, இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த ருசி மற்றவர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. விபத்தில் அடிபட்டவர்கள் மற்றவர்களைவிடச் சந்தோஷத்தில் குறைந்துதான் இருந்தார்கள், ஆனால் வெளியிலிருந்து பார்க்கிறவன் நினைக்கிற அளவுக்கு இல்லை. சின்ன ஆய்வுதான், அதை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது. ஆனாலும் அந்தப் பதினோராயிரத்துக்குப் பிறகு மருமகன் அக்கா சுட்ட தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோவான் என்று கேள்விப்பட்டபோது எனக்கு அந்த லாட்டரிக்காரர்கள்தான் ஞாபகம் வந்தார்கள்.

அக்கா கேள்வி கேட்ட மூன்றாம் நாள் மாப்ளை கடைக்குப் போனேன். பரீட்சை நேரம், கூட்டம். ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டே பேசினான். இருபத்தொன்பது வருடமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

“அன்னைக்கு ஏழு எண்ணுனப்ப, சந்தோசமாத்தான் இருந்தியா?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “ஆமாடா, இருந்தேன். அதுல என்ன சந்தேகம்?” பிறகு ஒரு கட்டைப் புரட்டி நேராக்கி, “ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. தெனமும் காலைல அதே ரோட்டுல, அதே வண்டில, நான் தனியாத்தான் பூ ஏத்திட்டு வந்தேன். ஒருநாளாவது லைட்டை அமத்திருப்பேனா? நீங்க நாலு பேரும் இல்லேன்னா எனக்கு எதுக்குடா அந்தக் கிறுக்கு?”

அவனுக்குத் தெரியாது, இதையே ஒரு ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கார்ட்னர், ஸ்டைன்பர்க் என்ற இருவர், 2005இல், 306 பேரைக் கூட்டிவந்து கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு ஆடவிட்டார்கள். மஞ்சள் விளக்கு விழுந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து போகிறான் என்பதுதான் கணக்கு. தனியாக ஆடும்போது பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூட்டாளிகள் பக்கத்தில் நின்றதும் பிள்ளைகளின் துணிச்சல் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. கல்லூரி வயதுக்காரர்களுக்கும் நன்றாகவே ஏறியது. 24 வயதைத் தாண்டியவர்களுக்கு யார் நின்றாலும் ஒன்றுதான். ஆறு வருடம் கழித்து இதே மாதிரி விளையாட்டை மூளையைப் படமெடுத்தபடி ஆடவைத்தபோது, நண்பன் பார்க்கிறான் என்று தெரிந்தால் பதின்வயதினர் மூளையில் பரிசுக்கு ஏங்குகிற பகுதி கூடுதலாக வேலை செய்தது.

இதைப் படித்தால் உடனே என்ன தோன்றும்? கூட்டாளிகளைக் கத்தரித்துவிட்டால் பையன் தப்பித்துக்கொள்வான் என்று. நாங்கள் செய்தது அதைத்தான். வண்டி வேண்டாம், ஊர் சுற்ற வேண்டாம், ரூமுக்குள் இரு. நான் மூன்று வருடம் முன்பு டீ டம்ளரோடு கொடுத்த தீர்ப்பு அதுதான். உடம்புக்கு ஆபத்து வராத இடத்தில் வைத்துவிட்டால் பையன் பத்திரம் என்று நினைத்தேன். அவன் சந்தோஷமாக இருக்கிறானா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அக்காவும் கேட்டதில்லை. அவன் கேட்ட வண்டிகூட எங்காவது போவதற்குத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டோம். யாரோடு போவதற்கு என்று யோசிக்கவில்லை. கல்லூரிப் பேருந்து நாலே காலுக்குக் கிளம்பிவிடும், மற்றவர்கள் டீக்கடையில் நிற்பது ஐந்து மணிக்கு. மூன்று வருடம் அந்த டீக்கடை அவனுக்கு இல்லை.

நம் ஊர்களில் இளவட்டக்கல் என்று ஒன்று கிடக்கும். பெயரிலேயே யாருக்கென்று இருக்கிறது. நல்ல கனமான வழுவழு உருண்டைக் கல். முதலில் முட்டிக்கு, பிறகு நெஞ்சுக்கு, பிறகு தோளுக்கு ஏற்றிப் பின்னால் போட வேண்டும். நழுவினால் கால் விரல் இருக்காது. பொங்கலன்று ஊரே நின்று பார்க்கும், கிழவர்கள் “மூச்சைப் பிடிடா, முட்டிய விரிடா” என்று சொல்லிக்கொடுப்பார்கள். எங்கள் பக்கம் அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் மாடு பிடிப்பதும் அந்த வகைதான். டாக்டர் பார்த்து, பேர் பதிந்து, சீருடை பனியன் போட்டு உள்ளே விடுகிறார்கள். அப்படியும் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு தாய் அழுகிறாள். அதனால் அந்தக் காலமே பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. என் நண்பனின் கால் என் கையில் திரும்பிக் கிடந்ததைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல முடியாது. அந்த வயதில் உடம்புக்குள் ஏதோ ஒன்று முட்டுகிறது என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது, அதற்கென்று ஒரு கல்லையாவது போட்டுவைத்திருந்தது. நானோ பையன் கையில் ஒரு ஃபோனை மட்டும் கொடுத்துவிட்டேன். அதுவும் என் பரிசு, பன்னிரண்டாவதில் நல்ல மார்க் எடுத்ததற்கு.

மாப்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “பையன நாளைக்கு அனுப்பு” என்றான். “கடைக்கா?” “இல்லடா. காலைல மூணரைக்கு, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு. தம்பி கடைல ஆள் இல்ல. எப்படியும் ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டுதானே இருக்கான்?”

நான் தயங்கித்தான் சொன்னேன். பையன் ஆச்சரியமாகச் சரி என்றான். முதல் நாள் நானே கூட்டிக்கொண்டு போனேன். அந்த நேரத்திலேயே மார்க்கெட் திருவிழா மாதிரி இருந்தது. மல்லிகை, பிச்சி, கனகாம்பரம் என்று மூட்டை மூட்டையாய்க் கொட்டிக் கிடக்க, விலை கூவுகிற சத்தத்தில் பேசினால் காதில் விழாது. மாப்ளையின் தம்பி இவனிடம் ஒரு தராசையும் பில் புத்தகத்தையும் கொடுத்து, “இன்ஜினியர், தப்பாப் போட்டா உன் சம்பளத்துல பிடிச்சுக்குவேன்” என்றார். இன்ஜினியர் என்ற பட்டம் அன்றே ஒட்டிக்கொண்டது. ஐந்து மணிக்குள் அவன் வயதுப் பையன்கள் மூன்று பேர் அவனை வாடா போடா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். ஆறு மணிக்கு எல்லோருமாகத் தள்ளுவண்டியில் இட்லி தின்றார்கள். எட்டு தின்றான். நான் எண்ணினேன்.

திருந்திவிட்டான் என்றெல்லாம் எழுத மாட்டேன். கடன் இன்னும் 40,000 பாக்கி, மாதாமாதம் கட்டுகிறோம். சில ராத்திரி அவன் ரூமில் வெளிச்சம் தெரிகிறது என்று அக்கா சொல்கிறாள். போய்க் கதவைத் தட்டலாமா என்று கேட்கிறாள். தட்டு, தட்டி தோசை வேணுமா என்று கேள் என்கிறேன். ரெண்டு தடவை வேணும் என்றிருக்கிறான்.

போன வாரம் மாப்ளையின் பழைய ஸ்கூட்டரில் அவன் ஒரு பூமூட்டையைக் கோயில் பக்கம் கொண்டுபோக வேண்டியிருந்தது. நான் பின்னால் உட்கார்ந்தேன். ரெண்டு பேருக்கும் ஹெல்மெட். காலி ரோடு, விடியவில்லை, திருகினால் யார் கேட்கப்போகிறார்கள்? நான் எட்டி மீட்டரைப் பார்த்தேன். முப்பத்தெட்டு.

“ஏன்டா இவ்வளவு மெதுவா?”

“காத்து அடிச்சா மொட்டு வாடிரும் மாமா. உங்களுக்குத் தெரியாதா?”

நேற்று ராத்திரி அக்காவுக்கு ஃபோன் போட்டு, வாங்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். என்ன வண்டி என்பது முடிவாகவில்லை. அவன் கேட்கிறது 200 சிசி. அத்தான் 110க்கு மேல் ஒரு சிசி கூடத் தர மாட்டேன் என்கிறார். மாப்ளை 125இல் முடித்துவைக்கப் பேசிக்கொண்டிருக்கிறான். அக்காவுக்கு சிசி எல்லாம் தெரியாது, கருப்புக் கலர் மட்டும் வேண்டாமாம்.